வழி இல்லாத இடத்தில் ஏழு கல்

பட்டுப்போன மரத்தடியில் அவர் இல்லை. காலையில் இறங்கும்போது இந்த இடத்தில்தான் செல்போனில் சிக்னல் ஒரு கோடு வந்தது, ஒரே ஒரு கோடு, அதை நினைவு வைத்துக்கொண்டுதான் ஒன்பதே முக்காலுக்குக் கீழே பள்ளத்தாக்கிலிருந்து கிளம்பினார், "அண்ணன் பத்து மணிக்கு மேல முழிச்சிருக்க மாட்டார்ளா, அந்த மரத்துகிட்டப் போயி ரெண்டு வார்த்த பேசிட்டு வந்திருதேன், நீ பாத்துக்கிட்டு இரு" என்று. தென்காசியில் ராத்திரி பத்து மணி என்றால் அமெரிக்காவில் இந்த யூட்டாவில் காலை பத்தரை. ஏற அரை மணி, பேச பத்து நிமிஷம், இறங்க இருபது நிமிஷம். பதினொன்று ஆயிற்று, பதினொன்று பத்து ஆயிற்று, அதற்கு மேல் உட்கார முடியாமல் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு நானே ஏறி வந்துவிட்டேன். இப்போது பன்னிரண்டுக்குப் பத்து. மரம் இருக்கிறது. மரத்தைச் சுற்றி மணலில் அவருடைய ஷூ தடம் இருக்கிறது, வட்டம் வட்டமாக, ஒரே இடத்தில் நின்று ஃபோன் பேசிய சரித்திரமே அவருக்குக் கிடையாது. ஆக வந்திருக்கிறார், பேசியிருக்கிறார். பிறகு எங்கே போனார்? கீழே இறங்கியிருந்தால் எனக்கு எதிரே வந்திருப்பார், ஏனென்றால் இருப்பது ஒரே வழி, அதுவும் வழி என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது, வெறும் பாறை, நாற்பது ஐம்பது அடிக்கு ஒன்றாக மூன்று கல்லை அடுக்கி அடையாளம் வைத்திருக்கிறார்கள், ஒன்றிலிருந்து அடுத்ததைப் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டும். மேலே காருக்குப் போயிருப்பாரா என்றால் கார் சாவி அவர் பையில் இருக்கிறது, அவர் பை என் தோளில் இருக்கிறது. அவருடைய தண்ணீர் பாட்டில் இரண்டும் அந்தப் பையில்தான். இரண்டு மணி நேரமாக மனுஷர் ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல் இந்த வெயிலில் இருக்கிறார். கூப்பிட்டுப் பார்த்தேன். "ஏங்க" என்றேன். பள்ளத்தாக்கு அதை வாங்கித் திருப்பிக்கூடத் தரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

பை என்னிடம் வந்தது எங்கள் நல்ல புத்தியால். காலையில் அனுமதிச் சீட்டு வாங்கப் போன அலுவலகத்தில் நரைத்த பின்னல் போட்ட ஒரு பெண் எல்லாம் சொல்லித்தான் அனுப்பினாள். பாறைக் குடைவில் பூர்வகுடிகள் கட்டிய பழைய வீடுகளின் பக்கத்தில் போகும்போது பையைத் தூரத்திலேயே கழற்றி வைத்துவிடுங்கள், திரும்பும்போது பை இடித்துத்தான் பாதிச் சுவர் போகிறது என்றாள். சாயாதீர்கள், ஏறாதீர்கள், உடைந்த பானை ஓடு கிடந்தால் பார்த்துவிட்டு அங்கேயே விடுங்கள், உள்ளே உட்கார்ந்து எதுவும் சாப்பிடாதீர்கள், சிந்தினால் எலி வரும், எலி வந்தால் அடியில் தோண்டும். பாழடைந்த இடம் என்று நினைக்காதீர்கள், அவை வீடுகள், கட்டியவர்களின் வம்சம் தெற்கே ஊர்களில் இருக்கிறது, இன்னமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், நீங்களும் விருந்தாளி மாதிரி போய் வாருங்கள் என்றாள். அவள் சொல்லி முடிக்க முடிக்க இவர் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். பதினாலு வருஷமாக ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு முப்பது வெள்ளைக்காரர்களிடம் ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ரத்தம் எடுக்கிறவள் நான், எனக்கு மொழிபெயர்ப்பு. சரி, சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன், எல்லாவற்றுக்கும் விடுகிறதுபோல. அப்புறம் அவள் கடைசியாக ஒன்று சொன்னாள். பாறையில் அடையாளக் கற்களைக் கலைக்காதீர்கள், புதிதாகவும் வைக்காதீர்கள், ஒரு அடுக்கு கூடினாலும் யாராவது ஒருவர் வழி தப்புவார். அதையும் இவர் தமிழில் சொன்னார். நானும் தலையாட்டினேன். இரண்டு மொழியில் கேட்டு, இரண்டு மொழிக்கும் தலையாட்டிவிட்டு வந்தவள் நான்.

இங்கே நின்று யோசித்து என்ன ஆகப்போகிறது என்று தெரிகிறது, ஆனாலும் நிற்கிறேன், ஏனென்றால் இடது பக்கம் திரும்பினால் அது தெரியும். திரும்பாமலேயே தெரிகிறது. இந்த மரத்திலிருந்து ஒரு இருநூறு அடி தள்ளி, மஞ்சள் பாறை கொஞ்சம் முதுகு தூக்கிய இடத்தில், ஏழு கல், ஒன்றின் மேல் ஒன்று, பெரியது அடியில், நெல்லிக்காய் அளவு உச்சியில். காலையில் நான் வைத்தது. அடுத்த சரியான அடையாளம் வலது பக்கம், ஒரு புதருக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கிறது, குட்டையாக. என்னுடையது எடுப்பாக, வானத்தை முதுகில் வைத்துக்கொண்டு நிற்கிறது. ஃபோனை மூடிவிட்டு நிமிர்கிற எவனும் முதலில் எதைப் பார்ப்பான்? அதைத்தான் பார்ப்பான். அதற்கு அப்பால் பாறை சரிந்து கீழே போகிறது, எவ்வளவு ஆழம் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் போய் வைத்தால் யார் கண்ணிலும் படாது என்று நினைத்தேன், வழியில் வைத்தால்தானே தப்பு, வழி இல்லாத இடத்தில் வைத்தால் என்ன என்று. வழி இல்லாத இடத்தில் வைத்தால் அங்கே வழி இருக்கிறது என்று அர்த்தம். இது ஏன் எனக்குக் காலையில் தோன்றவில்லை, படித்தவள்தானே, தினமும் சின்னக் குப்பியில் பெயர் மாறிவிடாமல் ஒட்டுகிறவள்தானே.

நடக்கத் தொடங்கிவிட்டேன். நேராகப் போக முடியாது, நடுவில் கறுப்பு மண் இருக்கிறது, தோசை ஓரம் கருகினதுபோல மொறுமொறு என்று பரந்து கிடக்கிறது, அதற்கு உயிர் இருக்கிறது, ஒரு தடம் பட்டால் ஆற இருபது முப்பது வருஷம் ஆகும் என்று அந்தப் பெண் சொன்னாள். அதில் இவர் தடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இல்லை. இவரும் பாறை வழியாகச் சுற்றித்தான் போயிருப்பார், அல்லது போகவே இல்லை. போகவே இல்லை என்றால் எங்கே? நானும் சுற்றித்தான் போகிறேன். புருஷனைக் காணவில்லை, மண்ணுக்கு வலிக்கும் என்று ஐந்து நிமிஷம் சுற்றிப் போகிறாள் பார் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், காலையில் ஒரு விதியை மீறித்தான் இந்த நிலைமை, இன்னொன்றையும் மீறினால் என்ன வருமோ என்று இருக்கிறது. காலையில் இதே பாறை விளிம்பில்தான் சுற்றிப் போனேன். ஒண்ணுக்குப் போயிட்டு வாறேன் என்று சொன்னேன், அவர் மரியாதையாக முதுகைக் காட்டிக்கொண்டு மரத்தைப் பார்த்து நின்றார். பொய் சொல்லிவிட்டுப் போய்ச் சாமி காரியம். அது சாமி காரியமா என்றும் தெரியவில்லை. ஊரில் மலைக்கோயிலுக்கு ஏறுகிற பாதையோரம் முழுக்க ஜனங்கள் சின்னச் சின்னக் கல்லாக அடுக்கி வைத்திருப்பார்கள், சொந்த வீடு வேண்டும் என்று, ஒரு கல்லுக்கு ஒரு மாடி என்று சொல்வார்கள். கல்யாணமான புதிதில் நாங்களும் ஏறினோம், நான் குனிந்து கல் பொறுக்கப் போனபோது இவர் சிரித்தார், "கல்ல அடுக்கினா வீடு வந்துருமாளா, அப்பம் கொத்தனாருக்கு என்ன சோலி" என்றார். கையில் எடுத்த கல்லை அப்படியே போட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இன்றைக்குக் காலையில் பாறையில் வரிசையாக அடையாளக் கற்களைப் பார்த்ததும் ஒரு நொடி, சத்தியமாக ஒரு நொடி, இந்த ஊரில் இத்தனை பேர் வீடு கேட்டிருக்கிறார்களா என்றுதான் நினைத்தேன். அப்புறம் புத்திக்கு விளங்கிவிட்டது. கைக்கு விளங்கவில்லை.

சொந்த வீடு என்றால் எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு ஆணி அடிக்க வேண்டும். பதினாலு வருஷத்தில் ஐந்து வாடகை வீடு, ஐந்திலும் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, காலண்டரைப் பசை நாடாவில் ஒட்டுவேன், ஆடி மாதத்துக்குள் விழுந்துவிடும். இங்கே ஒரு வீடு வேண்டும் எனக்கு, இந்த நாட்டில், இந்த வறட்டுக் காற்றில், ஆஸ்பத்திரியிலிருந்து இருபது நிமிஷத்தில். அதை அவரிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அவர், வருஷக் கடைசிக்குள் ஊருக்குப் போய்விடுவோம், அண்ணன் மாடியை நமக்கு ஒழித்துத் தருகிறார் என்றார், நான் சரி என்றேன். பிள்ளை இல்லை, யாருக்காக இங்கே இருக்கணும் என்றார், சரி என்றேன். எனக்காக என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை என்று தெரியவில்லை. கீழே அந்தப் பாறைக் குடைவுக்குள் நாலு அறை இருக்கிறது, கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியது, எண்ணூறு வருஷமாக நிற்கிறது, மேலே அடுப்புக் கரி இன்னும் கறுப்பாக ஒட்டியிருக்கிறது. செருப்பைக் கழற்றலாமா என்று கால் தானாக நின்றுவிட்டது. "முள்ளு கெடக்கும், வேண்டாம்" என்றார் இவர். வாசலருகே மண் பூசிய சுவரில் விரல் பதிந்த குழிகள் வரிசையாக இருந்தன, பூசியவள் ஈர மண்ணை அழுத்தி அழுத்திச் சேர்த்திருக்கிறாள், சின்ன விரல், என் விரல்தான். தொடவில்லை. ஒரு விரற்கடை தள்ளி என் கையை அந்தரத்தில் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. அவளும் இதை விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறாள், மழை பொய்த்ததோ வேறு என்னவோ, அவளை யாராவது கேட்டார்களா, அல்லது அவளும் சரி என்றுதான் சொன்னாளா. அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் இவர், அண்ணனிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன், வருகிறோம் என்று முடிவாகச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினார். பை அங்கேயே தள்ளி வேறொரு மரத்தடியில் கிடந்தது. அதை எடுக்கக்கூட நேரமில்லாமல், அண்ணன் தூங்கிவிடுவார் என்று. நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கோபம், அதனால் சொல்லவில்லை. இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வெயில் தலையில் உட்கார்ந்திருக்கிறது. ஐம்பத்தோரு வயது, சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு கொஞ்சம், மாத்திரை காலையில் போட்டார். இரண்டு மணி நேரம் தண்ணீர் இல்லாவிட்டால் ஒருவர் செத்துப்போக மாட்டார், அது எனக்குத் தெரியும், ஆனால் கிறுகிறுக்கும், கிறுகிறுத்தால் விளிம்பில் நிற்கிறவர் விளிம்பில் நிற்க மாட்டார். தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்கள் கையில் நரம்பு ஒளிந்துகொள்ளும், தட்டித் தட்டிப் பார்ப்பேன், கையைத் தொங்கவிடச் சொல்வேன், அப்போதும் வராது. இவர் கையில் புறங்கையில் ஒரு நரம்பு உண்டு, எந்தக் கத்துக்குட்டியும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். நான் இப்படி ஒரு நரம்பைப் பற்றி யோசித்துக்கொண்டு நடக்கிறேன். போலீஸிடம் என்ன சொல்வது? என் கணவர், பெயர் சுடலைமுத்து, உயரம் ஐந்தரை, நீலச் சட்டை, வெள்ளைத் தொப்பி. கடைசியாக எங்கே பார்த்தீர்கள்? ஏன் அந்தப் பக்கம் போனார் என்று நினைக்கிறீர்கள்? தெரியாது என்பேன். யாரோ கல் வைத்திருந்தார்கள் என்பேன். யாரோ. நரைப் பின்னல்காரி என் முகத்தைப் பார்ப்பாள். எங்கள் ஊரில் இப்படி ஒரு பழக்கம் என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன், ஏழு மாடி வீடு வேண்டும் என்று சாமியைக் கேட்டேன், புருஷனை எடுத்துக்கொண்டது என்றா? சாமி எடுக்கவில்லை, கல்லும் எடுக்கவில்லை, நான் வைத்ததைப் பார்த்து மனுஷர் நடந்தார், அவ்வளவுதான். அவர் நடந்தாரா என்றே தெரியாது. மேலே வேறு எங்காவது நிழல் தேடி உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருக்கட்டும். என்னைத் திட்டட்டும். நான் இனி எதற்கும் வாய் திறக்கவில்லை, தென்காசிக்குப் போகலாம், மாடியில் இருக்கலாம், அண்ணன் சம்சாரம் தினமும் ஒரு குறை சொல்லட்டும், மனுஷர் கிடைத்தால் போதும்.

வந்துவிட்டேன். ஏழும் அப்படியே இருக்கின்றன, ஒன்றுகூட நகரவில்லை. பாறையில் தடம் தெரியாது, ஆனால் அடிக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பிடி மணல் தேங்கிய குழியில் அரை ஷூ தடம், குதிகால் மட்டும், அவருடையது. அந்தக் குதிகாலைப் பார்த்ததும் நான் செய்தது என்ன என்று பிறகு எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கே நம்ப முடியாது என்று இப்போதே தோன்றுகிறது. உடனே விளிம்புக்கு ஓடியிருக்க வேண்டும். கத்திக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் மண்டிபோட்டு உட்கார்ந்தேன், உச்சிக் கல்லை எடுத்தேன், இரண்டாவதை எடுத்தேன், ஒவ்வொன்றாக எடுத்து, காலையில் எங்கெங்கே பொறுக்கினேனோ அங்கங்கே என்று சொல்ல முடியாது, ஆனால் தள்ளித் தள்ளி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரி போட்டேன். அடுத்து யாரும் வழி தப்பக் கூடாது என்பதற்காகத்தான் என்று கை வேலை செய்துகொண்டிருக்கும்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவர் உயிரோடு வந்தாலும் வராவிட்டாலும், இது யார் வைத்தது என்று யாரும் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான். அடிக்கல் கனம், புரட்டிவிட்டேன். கையெல்லாம் மஞ்சள் புழுதி. பேண்டில் துடைத்தேன். அதற்குப் பிறகுதான் கூப்பிட்டேன்.

"ஏங்க!"

"ஏளா!" குரல் காலுக்குக் கீழே இருந்து வந்தது, கம்மிப்போய். "இங்கன கெடக்கேன். கீழ."

"எங்கன?"

"அங்கன ஒரு கல்லடுக்கு இருக்கும் பாரு, நம்மூரு மாதிரி, ஏழு கல்லு. அதுக்கு நேர் கீழ. தெரியுதா?"

"தெரியுது" என்றேன். வேறு என்ன சொல்வது?

குப்புறப் படுத்து விளிம்பு வரை நகர்ந்து எட்டிப் பார்த்தேன். ஒன்றரை ஆள் உயரத்துக்குக் கீழே ஒரு திட்டு, கட்டில் அகலம், அதில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார், தொப்பி இல்லை, நெற்றியில் சிராய்ப்பு, ஒரு கால் நீட்டி. திட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை, வெகு ஆழத்தில் ஒரு மரத்தின் உச்சி. அழுகை வந்தது, அழுதேன். பையின் வாரில் பாட்டிலைக் கட்டி இறக்கினேன்.

"மெள்ள. ஒரே மூச்சாக் குடிக்காதீங்க."

"தெரியும், நர்ஸம்மா." குடித்தார், மூச்சு வாங்கினார், மறுபடியும் குடித்தார். "கால் பெரண்டுட்டு. ஒடையல. கத்திக் கத்தித் தொண்ட போச்சு, ஒரு பய இல்ல."

"வழின்னு நெனச்சா வந்தீங்க?" கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வழியா? எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? வழிக்கு மூணு கல்லு வச்சிருக்கான். ஏழு கல்லு இந்த உலகத்துல யாரு வைப்பா?" சிரிக்கப் பார்த்து இருமினார். "ஒண்ணுக்குப் போனவ இம்புட்டு நேரமான்னு காலையிலயே நெனச்சேன். ஏழு மாடியாளா கேட்ட? யாரு கூட்டிப் பெருக்க?"

பாறைச் சூடு வயிற்றில் ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணங்கிட்ட என்ன சொன்னீங்க?" என்றேன்.

"எங்க சொன்னேன்? அவுரு வீட்டுக் கதை சொல்லிக்கிட்டு இருந்தாரு, நான் சுத்திக்கிட்டே கேட்டேன், திரும்புனா இது நிக்கி. அப்புறம் பேசுதேன் அண்ணேன்னு வச்சிட்டேன்." பாட்டிலை மூடினார். "ஊர்லயே வீடு இருக்கயில இவ எதுக்கு இங்கன வந்து கல்லு அடுக்குதான்னு யோசிச்சேன். இங்கனதான் வேணும் போல, அதான் இங்கன அடுக்கியிருக்கான்னு அப்புறந்தான் வெளங்குச்சு. வாயத் தொறந்து சொல்லக் கூடாதா, சவம்?"

"சொல்லல" என்றேன்.

"கிட்ட வந்து பாத்தா உச்சியில நெல்லிக்கா மாதிரி ஒரு கல்ல வச்சிருக்க. கூர வேண்டாமா வீட்டுக்கு? தட்டையா ஒண்ணு இந்தத் திட்டுல கெடந்துது. எடுப்போம்னு எறங்குனேன், வழுக்கிட்டு." மடிக்குப் பக்கத்திலிருந்து அதை எடுத்துக் காட்டினார், சப்பாத்தி அகலம், விளிம்பு சமமாக. ஒன்றரை மணி நேரமாக அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எழுந்து, ஒற்றைக் காலில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு அதை என்னை நோக்கித் தூக்கினார். "இந்தா. இத வாங்கி மொதல்ல மேல வச்சிரு. பெறவு என்னத் தூக்கு."

வாங்குவதற்கு என் கை பாதி தூரம் போய்விட்டது. புழுதி இன்னும் நகத்துக்குள் இருந்தது.

"கலைச்சிட்டேங்க" என்றேன்.

"என்னது?"

"அத. கலைச்சிட்டேன்."

"எப்பம்?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். விதியை மீறியது மனசுக்கு ஒப்பவில்லை, அதனால் கலைத்தேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார், மெச்சிக்கூட இருப்பார்.

"இப்பந்தான். உங்களக் கூப்பிடுததுக்கு முந்தி."

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். வெயில் கண்ணில் விழுந்ததால் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். கல்லைத் தூக்கிய கை மெல்ல இறங்கியது. நான் கால் இரண்டையும் பின்னால் ஒரு பாறை வெடிப்பில் கொடுத்து அழுத்திக்கொண்டேன், கையை முடிந்த மட்டும் கீழே நீட்டினேன்.

"அதக் கீழ வச்சிட்டு ரெண்டு கையையும் குடுங்க" என்றேன்.

அவர் குனிந்தார். வலித்தது போல, பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார். கல்லை அது கிடந்த பள்ளத்தில், கிடந்த பக்கமாகவே திருப்பி வைத்தார், ஆடுகிறதா என்று ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து இரண்டு கையையும் மேலே நீட்டினார்.